திருகாணி

அசையாதே, சிரிக்காதே, சிரிப்பு வந்தால் செமினாரில் நீ பேச்சு வராமல் நின்ற நாளை நினைத்துக்கொள் என்று பரிதி சொன்னதற்கே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது அடங்கும்வரை குனிந்தபடியே காத்திருந்துவிட்டுத்தான் வாயின்மேல் கடைசித் துணியை வைத்தான். இப்போது வாய் இல்லை. கண் ஏற்கெனவே இல்லை. மூக்குத் துவாரம் இரண்டை மட்டும் விட்டுவைத்திருக்கிறான், அவற்றின் விளிம்பில் அவன் சுண்டுவிரலால் தடவிய வாஸ்லின் குளிர்கிறது. முகத்துக்கு அச்சு எடுக்க நெற்றியிலிருந்து தாடைக்குக் கீழ்வரை மாவுக்கட்டுத் துணி, மருந்துக்கடையில் எலும்பு முறிவுக்கு விற்பதேதான், துண்டு துண்டாக வெட்டி, தண்ணீரில் நனைத்து, ஒன்றின்மேல் ஒன்றாக. முதலில் குளிரும், அப்புறம் கனக்கும், அப்புறம் சூடேறும், சூடு ஏறி இறங்கிவிட்டால் கழற்றிவிடலாம், அவ்வளவுதான். மூச்சு முட்டினால் வலது கை ஆள்காட்டி விரலைத் தூக்கு, நான் பக்கத்திலேயே இருப்பேன். இதையெல்லாம் காதில் பஞ்சு வைப்பதற்கு முன்பே சொல்லிவிட்டான். காதுக்குள் மாவு இறங்கக் கூடாது என்று இரண்டு காதிலும் வாஸ்லின் தோய்த்த பஞ்சை உருட்டி வைத்தான். கழுத்துக்குக் கீழே சுருட்டிய துண்டில் தலையைச் சரிசெய்தபோது இடது காதுப் பஞ்சு வழுக்கிக்கொண்டு வெளியே வந்து தோளுக்கும் பெஞ்சுக்கும் நடுவில் எங்கோ விழுந்தது. சொல்லலாம் என்று நினைப்பதற்குள் வாயில் துணி வந்துவிட்டது. சின்ன விஷயம்தானே என்று விட்டுவிட்டேன். எதையும் சின்ன விஷயம்தானே என்று விட்டுவிடுகிறவள்தான் நான். ஆகவே என் வலது பக்கம் உலகம் இல்லை. இடது பக்கம் இருக்கிறது. பட்டறையின் தகரக் கூரையில் காக்கை நடக்கிறது. வாளியில் பரிதி கை அலம்புகிறான். சுவாமிமலை போகிற மினி பஸ் ஹாரனை அடித்துக்கொண்டே வளைவில் திரும்புகிறது. மாவின் வாசனை புதுச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்த வாசனை மாதிரி என்பான் பரிதி. எனக்கு அப்படி இல்லை. எனக்கு அது திண்டுக்கல்லில் ஓர் ஆஸ்பத்திரி. இந்து அக்காவின் காலுக்கு முதலில் கட்டியது இதைத்தான். காலில்தான் அடி என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்த கொஞ்ச நேரம் அக்காவும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள், கட்டு காயறதுக்குள்ள எல்லாரும் கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க என்றுகூடச் சொன்னாள். அப்புறம்தான் அவள் உதடு வெளுத்தது. ஸ்கூட்டரின் கைப்பிடி வயிற்றில் குத்தியதை அவளே மறந்திருந்தாள். உள்ளே மண்ணீரல் கிழிந்து ரத்தம் போய்க்கொண்டிருக்கிறது என்று ஒரு டாக்டர் ஓடிக்கொண்டே சொன்னார், ஓடிக்கொண்டே சொன்னதால் அது எங்களுக்குச் சொன்னதா இன்னொரு டாக்டருக்குச் சொன்னதா என்று தெரியவில்லை. அதை எதற்கு இப்போது நினைக்கிறேன். கண் மூடினால் அந்த வராந்தாதான் வருகிறது, எப்போதும். பச்சை பெயின்ட் அடித்த மர பெஞ்ச், மொசைக் தரை, பெஞ்சின் நுனியில் அம்மா. பெஞ்ச் முழுக்கக் காலியாக இருந்தும் நுனியில். நர்ஸ் வந்து, உள்ளே உலோகம் எதுவும் கூடாதும்மா, பாத்து வாங்கிக்குங்க என்று அக்காவின் நகைகளை அம்மாவின் இரண்டு கையிலும் வைத்துவிட்டுப் போனாள். வலது கையில் தாலிச் சங்கிலி, வளையல்கள், மெட்டி. இடது கையில் தோடு இரண்டு. அம்மாவுக்குக் கையை மூடத் தோன்றவில்லை. மடிமேல் விரித்த கை விரித்தபடியே இருந்தது. வலது கை கனத்துக் கொஞ்சம் தாழ்ந்திருந்தது. இடது கையில் கனமே இல்லாததால் அது தன் வேலையை மறந்துவிட்டதுபோல் சற்று மேலே நின்றது. கண் மட்டும் ஆபரேஷன் தியேட்டர் கதவில். அழவில்லை. சாமி பெயர் எதையும் சொல்லவில்லை. எதிர்ச்சுவரில் சாய்ந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்ப்பதைத் தவிர எனக்கு வேறு எதுவும் வராது.

குளிர் போய்விட்டது. இப்போது கனம். ஈரத்துணி என்று நினைத்தது தட்டாக மாறிக்கொண்டிருக்கிறது, கன்னத்தை யாரோ உள்ளங்கையால் அழுத்திப் பிடித்திருப்பதுபோல் இருக்கிறது. இமைக்கு உள்ளே கண்ணை உருட்டினால் துணியில் இடிக்கிறது. உருட்டாதே. பரிதி எங்கோ சீட்டியடிக்கிறான். சந்தோஷமாக இருந்தால் அவனுக்குச் சீட்டி வரும். கோமளா மேடம் சாயங்காலம் வருகிறார். கொடைக்கானல் அடிவாரத்தில் அவர்கள் ட்ரஸ்ட் கட்டுகிற தியானக் கூடத்துக்குத்தான் பரிதி செய்கிற இந்தச் சிலை, ஆள் உயரத்தில் வெண்கலத்தில், கூடத்தின் நடுவில், வேறு சாமிப்படம் எதுவும் இல்லாமல் இது மட்டும். எல்லா மதத்துக்காரரும் வருவார்கள், அதனால் தெய்வம் வேண்டாம், மனுஷி போதும் என்று மேடம் முதல் முறை வந்தபோதே சொன்னாராம். சிற்பிகள் பல பேர் சின்னதாக மாதிரி உருவம் செய்து அனுப்பினார்கள். மேடம் ஊரில் இல்லாத சமயம் ட்ரஸ்ட்காரர்கள் பார்த்ததில் பரிதி அனுப்பியது தேர்வானது. பரிதி அனுப்பியது நான் செய்தது. களிமண்ணில் ஒரு ஜாண் உயரத்தில், கல்லூரி முடித்த வருஷம், யாருக்காகவும் இல்லாமல், திண்டுக்கல் வீட்டு மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து செய்தது. அம்மா என்று அதற்குப் பெயர் வைக்கவில்லை, எந்தப் பெயரும் வைக்கவில்லை. கும்பகோணத்துக்கு எடுத்து வந்து காட்டியபோது பரிதி அதன் முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டான். ரொம்ப நேரம் கழித்து, வசு, இதை நான் ஏன் செய்யலைன்னு இருக்கு என்றான். அதைவிடப் பெரிய பாராட்டு எனக்கு வாழ்க்கையில் கிடைத்ததில்லை, அந்த வாரம் முழுக்க பஸ்ஸில் நின்றுகொண்டே சிரித்தேன். ஒரு கை ஏன் தாழ்ந்திருக்கு என்று கேட்டான். அன்றைக்குக் காவிரிப் படித்துறையில் உட்கார்ந்து சொன்னேன். நான் அவ்வளவு நேரம் தொடர்ந்து பேசியது அதுதான் முதல் முறை. பாதியில் குரல் போய்விட்டது, தண்ணீரைப் பார்த்துக்கொண்டு மீதியைச் சொன்னேன், அவன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தான், நாடி பார்க்கிற மாதிரி. எல்லாம் சொன்னேன். திருகாணியைச் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று இல்லை. சொன்னால் சிரிப்பு மாதிரி ஆகிவிடும் என்று பட்டது. பெஞ்சில் உட்கார்ந்து கொஞ்ச நேரத்தில் அம்மா இடது கையைப் பார்த்தாள், இரண்டு தோட்டில் ஒன்றுக்குத் திருகாணி இல்லை. ஸ்ட்ரெச்சரிலிருந்து இறக்கும்போது விழுந்திருக்கும், நர்ஸ் கொடுக்கும்போது விழுந்திருக்கும். கை இரண்டிலும் நகை. குனிய முடியாது, எழுந்திருக்கவும் பயம், எழுந்தால் அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்துவிடும். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு வலது கால் கட்டைவிரலால் பெஞ்சுக்கு அடியில் துழாவ ஆரம்பித்தாள். நான் தேடறேம்மா என்றேன். நீ நில்லு என்றாள். கதவைப் பார்த்தபடியே, கை அசையாமல், கால் மட்டும் மொசைக் தரையை அங்குலம் அங்குலமாகத் தடவிக்கொண்டு, கதவுக்கு மேல் விளக்கு அணைந்து டாக்டர் வெளியே வரும்வரை அந்தக் கால் நிற்கவே இல்லை. என் களிமண் பொம்மையில் அந்தக் கால் இருக்கிறது. புடவைக்கு வெளியே நீண்டு, கட்டைவிரல் மட்டும் தூக்கி. கையைப் பற்றிக் கேட்ட பரிதி காலைப் பற்றிக் கேட்கவே இல்லை. பெரிதாகச் செய்யும்போது பெஞ்ச் வேண்டாம் வசு, பீடம் போதும், பெஞ்ச்னா பஸ் ஸ்டாண்டு ஞாபகம் வருது என்றான். சரி என்றேன். கால் நீட்டிக்கிட்டிருந்தா தியானம் மாதிரி இல்லை, மடிச்சிடலாம் என்றான். சரி என்றேன். கண்ணு மூடியிருக்கட்டும், அப்பதான் சாந்தம். அதற்கும் சரி என்று சொல்லியிருப்பேன், சொன்னேனா என்று நினைவில்லை. முகம் மட்டும் உன் முகமா இருக்கட்டும், உன்னோடதுதானே இது, நீ அதுல இருக்கணும் என்றான். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இப்போது மாவுக்குள் படுத்திருக்கிறேன். பீடத்தில் ரெண்டு பேர் பெயரும் இருக்கும் என்றான். பரிதி, வசுமதி. மேடம்கிட்ட நானே சொல்லிடறேன், மாடல் உன்னோடதுன்னு, நீ பேச வேண்டாம், உனக்குத்தான் ஆளைப் பார்த்தா தொண்டை அடைச்சுக்குமே. எவ்வளவு நிம்மதியாக இருந்தது. எனக்காகப் பேச ஒருவன் இருக்கிறான் என்பது குடை மாதிரி இருந்தது.

கார் கதவு. வாசலில் சரளை நெரிகிற சத்தம். பரிதியின் சீட்டி நின்றுவிட்டது. "வாங்க மேடம், சாயங்காலம்னு சொன்னீங்க" என்கிறான். "தஞ்சாவூர் வேலை சீக்கிரம் முடிஞ்சிடுத்துப்பா. உன்னைப் பயமுறுத்தலாம்னு வந்தேன்" என்று ஒரு பெண் குரல், கொஞ்சம் மூச்சு வாங்குகிற, சிரிப்பு கலந்த குரல். கோமளா மேடத்தை நான் பார்த்ததில்லை, குரலுக்கு ஒரு முகம் வைத்துக்கொள்கிறேன், பருமன், நரைத்த கொண்டை, காட்டன் புடவை. ஐயோ நான் இப்படிக் கிடக்கிறேனே, துப்பட்டாகூட இல்லாமல் பழைய சட்டையில். "இது யாருப்பா, பயந்தே போயிட்டேன். உயிரோட இருக்காளா?" "மாடல் மேடம். முகத்துக்கு அச்சு எடுக்கறோம்." மாடல். மாடல் என்றால் என்ன அர்த்தத்தில் சொல்கிறான் என்று ஒரு கணம் நெருடியது, பிறகு சரி, ஒவ்வொன்றாகச் சொல்வான் என்று விட்டேன். "பேசறது கேக்குமா அவளுக்கு?" "காதுல பஞ்சு வச்சிருக்கேன் மேடம். நீங்க தாராளமாப் பேசுங்க." இடது காதில் இல்லை பரிதி. அதை எப்படிச் சொல்வேன். விரலைத் தூக்கலாம், தூக்கினால் மூச்சு முட்டுகிறது என்று நினைத்து மாவைப் பிய்த்துவிடுவான், பாதியில் பிய்த்தால் அச்சு போய்விடும், மறுபடி முதலிலிருந்து. வேண்டாம். ஒட்டுக்கேட்கிற மாதிரி இருக்கிறதே என்று கூச்சமாகவும் இருக்கிறது, அதே சமயம் உள்ளுக்குள் ஒரு குறுகுறுப்பு. இப்போது சொல்லப்போகிறான், நான் அந்த இடத்தில் இருந்துகொண்டே இல்லாமல் இருக்கிறேன், இதைவிட வசதி எனக்கு வேறு எது. பெரிய களிமண் உருவத்தின் ஈரச்சாக்கை அவன் எடுப்பது கேட்கிறது, சொதசொதவென்று ஒரு சத்தம். முகம் சூடாக ஆரம்பிக்கிறது, முதலில் மூக்குத் தண்டில், அங்கிருந்து கன்னத்துக்கு. காய்ச்சல் கண்ட குழந்தையின் நெற்றியைத் தொட்டால் கைக்குத் தெரியுமே, அந்தச் சூடு. "கை" என்கிறார் மேடம். அவ்வளவுதான் சொல்கிறார். என் கை, அம்மாவின் கை, ஒரு அந்நியப் பெண்மணி அதைப் பார்த்துவிட்டு வேறு வார்த்தை கிடைக்காமல் கை என்று மட்டும் சொல்கிறார். "சரணாகதின்னு பேர் வச்சிருக்கேன் மேடம். எதுவும் கேக்காத கை." அப்படியில்லை என்று தோன்றுகிறது, அது கேட்கிற கைதான், ஆனால் பெயர்தானே, போகட்டும். "கண்ணு மட்டும் ஏம்பா மூடணும்? எங்க ட்ரஸ்ட்ல நாங்க எல்லாரும் கண்ணை மூடிண்டுதான் உக்காந்திருக்கோம். சிலை ஒண்ணாவது முழிச்சிண்டிருக்கட்டுமே." சிரிப்பு வருகிறது, செமினார் நாளை நினைத்துக்கொள்கிறேன், மைக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு வார்த்தை வராமல் நின்றேனே, முன்வரிசையில் பரிதி மட்டும் உதட்டை அசைத்து எனக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தானே. மேடத்தை எனக்குப் பிடித்துவிட்டது. என் பொம்மைக்குக் கண் திறந்துதான் இருக்கிறது மேடம், அலமாரியில் பாருங்கள். பார்த்துவிட்டார், நடக்கிறார், மூக்குக்கண்ணாடிக் கூடு கிளிக் என்று திறக்கிறது. "இது என்ன, சின்னது?" இதோ. இப்போது. சொல் பரிதி. அது வசுவோடது மேடம், அந்தப் பெஞ்சில் படுத்திருக்கிறாளே அவளோடது. நான்கு சொல், ஐந்து சொல். அவன் தாடியைச் சொறிகிற சத்தம் கேட்கிறது, எனக்குத் தெரிந்த சத்தம், யோசித்தால் தாடைக்கு அடியில் நகத்தால் கீறுவான். ஏன் யோசிக்கிறான். எப்படி அழகாகச் சொல்லலாம் என்று யோசிக்கிறான். "முதல்ல செஞ்சது மேடம். பெருசுக்கு முன்னால ஒரு ஸ்டடி" என்கிறான். யார் செய்தது என்று அந்த வாக்கியத்தில் இல்லை. தமிழில் அப்படிச் சொல்ல முடிகிறது, செஞ்சது. நானே என்னைச் சமாதானம் செய்கிறேன், அடுத்த வாக்கியத்தில் வரும். "கால் ஏன் இப்படி இருக்கு இதுல? கட்டைவிரலைத் தூக்கிண்டு, எதையோ தடவற மாதிரி." "அது ஒரு பேலன்ஸுக்கு மேடம். பெருசுல எடுத்துட்டேன்." எடுத்துட்டேன். செஞ்சதில் ஆள் இல்லை, எடுத்ததில் ஆள் இருக்கிறான். "எப்படிப்பா தோணித்து உனக்கு, இந்த வயசுல?"

இங்கே ஒரு இடைவெளி இருந்தது. அதை நான் கேட்டேன். காக்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடந்தது. அந்த இடைவெளிக்குள் அவன் எந்தப் பக்கமும் போயிருக்கலாம், அதனால்தான் அது என்னை இப்படி அறுக்கிறது, தவறிப்போய்ச் சொன்னான் என்று வைத்துக்கொள்ள முடியவில்லை. "எங்க அம்மா மேடம்" என்றான். குரலைத் தாழ்த்திக்கொண்டான். "எங்க அக்காவுக்கு ஆக்சிடெண்ட். ஆஸ்பத்திரி வராந்தா. நர்ஸ் வந்து அக்காவோட நகையெல்லாம் அம்மா கையில வச்சிட்டுப் போயிட்டாங்க." பரிதிக்கு அக்கா கிடையாது. பரிதி ஒரே பிள்ளை. அவன் அம்மா மன்னார்குடியில் தையல் கடை வைத்திருக்கிறார், எனக்கு ஒரு ரவிக்கை தைத்துக் கொடுத்திருக்கிறார், கை கொஞ்சம் இறுக்கம். அவன் அப்பா சாமி இல்லை என்று சொல்கிற வாத்தியார், பையனுக்குச் சூரியன் பெயரைத் தமிழில் தேடி வைத்தவர். அந்த வீட்டில் அக்காவே இல்லை. யாருடைய அக்காவைச் சொல்கிறான் என்று நிஜமாகவே ஒரு கணம் எனக்குத் தெரியவில்லை, அட பாவமே, இவனுக்கும் ஒரு அக்காவா, சொல்லவே இல்லையே என்று மனம் இரங்கிக்கூடப் போய்விட்டது. அப்புறம்தான் பெஞ்ச் வந்தது. "பச்சை பெஞ்ச் மேடம். அதோட நுனியில அம்மா. வலது கையில தாலிச் சங்கிலி, கனம். இடது கையில தோடு, கனமே இல்லை. அதான் கை ஏற இறங்க இருக்கு." நான் படித்துறையில் திக்கித் திக்கிச் சொன்னதை அவன் நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, தாழ்த்த வேண்டிய இடத்தில் தாழ்த்திச் சொல்கிறான். நன்றாகச் சொல்கிறான். என்னைவிட நன்றாக. எனக்கே அழுகை வருகிறது, அவன் அம்மாவுக்காக. "தலைக்கு மேல ட்யூப்லைட் ஒண்ணு மினுக்கிக்கிட்டே இருந்துச்சு." இல்லை. ட்யூப்லைட் மினுக்கவில்லை. அதை நான் சொல்லவே இல்லை. அந்த வராந்தாவில் வெயில் இருந்தது, மத்தியானம், ஜன்னல் கம்பியின் நிழல் அம்மாவின் முந்தானையில் விழுந்திருந்தது. ஆனால் அவன் சொன்னவுடனே அங்கே ஒரு ட்யூப்லைட் வந்துவிட்டது, மினுக்குகிறது, வெயில் போய்விட்டது, ஜன்னலைத் தேடுகிறேன், கம்பி நிழலைத் தேடுகிறேன், இருட்டில் அம்மா உட்கார்ந்திருக்கிறாள், நீலமாக, வெள்ளையாக, நீலமாக. எடுத்துக்கொண்டு போனால்கூடப் பரவாயில்லையே, உள்ளே வந்து மாற்றிவைத்துவிட்டுப் போகிறானே. இனி நான் சாகும்வரை அந்த வராந்தாவில் அது மினுக்கும். மேடத்தின் மூச்சு கேட்கிறது. "அக்கா..." என்று இழுக்கிறார். கேட்காதீர்கள் மேடம். அவனைக் கேட்காதீர்கள். "அக்கா திரும்பி வரலை மேடம்" என்கிறான் பரிதி.

சூடு நெற்றிக்கு ஏறிவிட்டது. அக்கா திரும்பி வரலை. அக்கா திருப்பூரில் இருக்கிறாள். மாமாவோடு பனியன் கம்பெனி வேலைக்குப் போகிறாள், இரண்டு பிள்ளைகள், பெரியவனுக்குப் பல் விழுந்திருக்கிறது, நேற்றுக்கூட போனில், ஏண்டி அந்த ஆளு பொண்ணு கேட்டு வீட்டுக்கு வர்றாரா இல்லையா, நான் லீவு சொல்லணும் என்று கத்தினாள். பரிதி இப்போது போட்டிருக்கிற சாம்பல் நிறப் பனியன் அவள் அனுப்பியது, எக்ஸ்போர்ட் ரிஜெக்ட், தோளில் ஒரு தையல் பிசகியிருக்கும், யாருக்கும் தெரியாது. அந்தப் பனியனுக்குள் நின்றுகொண்டு அவளைச் சாகடிக்கிறான். வாய்க்கு வந்தபடி சாவைச் சொல்லக் கூடாது என்பாள் அம்மா, நானெல்லாம் அதை நம்புகிறவள் இல்லை, இப்போது நெஞ்சு அடித்துக்கொள்கிறது, அக்கா இன்றைக்கு ஸ்கூட்டரில் போயிருப்பாளா, மழை பெய்திருக்குமா திருப்பூரில். அவன் ஏன் அவளைச் சாகடித்தான். திரும்பி வந்துவிட்டாள் என்றால் கதை சப்பென்று போய்விடும். அதுதான். ஒரு சிலைக்கு ஒரு சாவு போதும், யாருடையதாக இருந்தால் என்ன. மேடம் மூக்கை உறிஞ்சுகிறார், கைக்குட்டை, "ஸாரிப்பா, நான் கேட்டிருக்கக் கூடாது." "பரவாயில்லை மேடம்." பரவாயில்லையாம். எனக்கு மூச்சு எங்கே. இரண்டு துவாரமும் அங்கேதான் இருக்கின்றன, காற்றுதான் குட்டையாகிவிட்டது, உள்ளே வருவதற்குள் வெளியே போகிறது. மூக்குக்குள் நீர் கட்டுகிறது. அழாதே, அழுதால் மூக்கு அடைக்கும், மூக்கு அடைத்தால் வாய் இல்லை. எத்தனை சின்ன வழி. விரல். ஆள்காட்டி விரலைத் தூக்குகிறேன். நான் பக்கத்திலேயே இருப்பேன் என்றானே. தூக்கியபடியே வைத்திருக்கிறேன். "இந்தக் கையை வாழ்நாள் முழுக்க மறக்க முடியாது மேடம்" என்கிறான், அலமாரிப் பக்கமிருந்து, முதுகைக் காட்டிக்கொண்டு இருப்பான், குரல் சுவரில் பட்டு வருகிறது. என் விரல் நின்றுகொண்டே இருக்கிறது. அம்மாவின் கையைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பவன் என் கையைப் பார்க்கவில்லை. முகத்தைச் சுளித்தால் என்ன, இப்போதே, மாவு இன்னும் முழுக்க இறுகியிருக்காது, புருவத்தை நெரித்து, வாயைக் கோணி, உள்ளே ஒரு பேய் முகத்தைப் பதித்துவிட்டால் அதைத் தூக்கிக்கொண்டு போய் வைக்கட்டுமே தியானக் கூடத்தில். வைக்க மாட்டான். வெண்கலத்தில் வார்ப்பதற்கு முன் மெழுகிலேயே வழித்துச் சரிசெய்துவிடுவான். அவன் கை அவ்வளவு நல்ல கை. நான் எதைக் கொடுத்தாலும் சரிசெய்துவிடுவான். எல்லாவற்றையும் கொடுத்தாகிவிட்டதா என்று உள்ளே துழாவுகிறேன். பெஞ்ச் போயிற்று, கை போயிற்று, அம்மா போனாள், அக்கா போனாள், ஜன்னல் வெயில்கூடப் போய்விட்டது. துழாவிக்கொண்டே இருக்கிறேன், தரை ஜில்லென்று இருக்கிறது, மொசைக் கல், கல்லுக்கு நடுவில் பித்தளைக் கோடு, பெஞ்சுக் கால், தூசி, இன்னும் கொஞ்சம் உள்ளே, அங்கே கட்டைவிரலில் ஏதோ குத்துகிறது. பேலன்ஸுக்கு மேடம். அவனுக்குத் தெரியாது. கால் ஏன் அப்படி இருக்கிறதென்று கேட்டார், அவனுக்குத் தெரியவில்லை. காவிரியில் அன்றைக்கு நான் சொல்லாமல் விட்ட ஒன்று, சின்ன விஷயம்தானே என்று விட்ட ஒன்று, கடுகளவு தங்கம். நிஜத்தில் அது கிடைக்கவே இல்லை. வேறு திருகாணி வாங்கிப் போட்டுத்தான் அக்கா இன்றைக்கும் அந்தத் தோட்டைப் போடுகிறாள், இடது பக்கம் மட்டும் சற்று மஞ்சளாக மின்னும். மூச்சு வருகிறது. மெல்ல வருகிறது. கை முழுவதும் எழுந்திருக்கிறது, எப்போது எழுந்தது என்று எனக்கே தெரியவில்லை. "பரிதி, அந்தப் பொண்ணு கையைத் தூக்கறா பாரு, எவ்வளவு நேரமாத் தூக்கறாளோ" என்கிறார் மேடம்.

ஓடிவருகிறான். பனியனின் சோப்பு வாசனை எனக்கு மேலே குனிகிறது. மாவைச் சுண்டிப் பார்க்கிறான், டொக் என்று தலைக்குள் கேட்கிறது. "செட் ஆயிடுச்சு. அவ்வளவுதான், அவ்வளவுதான் வசு" என்று வலது காதுப் பக்கம் சத்தமாகச் சொல்கிறான், பஞ்சை எடுக்கிறான், இடது பக்கம் வருகிறான். அங்கே அவன் விரல் நிற்கிறது. காது மடலைத் தடவுகிறது, உள்ளே தேடுகிறது, தோளுக்குக் கீழே தேடுகிறது. பஞ்சு அங்கேதான் கிடக்கும். எடுத்துப் பார்த்துவிட்டான் போலிருக்கிறது, விரல் சட்டென்று விலகுகிறது. "என்னப்பா?" "ஒண்ணுமில்லை மேடம்." வசு, உள்ளுக்குள்ளயே மெதுவா முகத்தைச் சுளி, அப்பத்தான் கழண்டு வரும் என்கிறான், இப்போது சத்தமாக இல்லை. சுளிக்கிறேன். எவ்வளவு வேண்டுமோ அவ்வளவும் சுளிக்கிறேன், புருவம், மூக்கு, வாய், எல்லாம். இப்போது சுளித்தால் எதுவும் பதியாது. உறிஞ்சுகிற சத்தத்தோடு விளிம்பு விடுகிறது, கன்னத்து மயிரைப் பிய்த்துக்கொண்டு முழுசாகக் கழன்று போகிறது, முகத்தில் காற்று வந்து அறைகிறது. கண்ணைத் திறக்காதே, துடைச்சுவிடறேன் என்கிறான். திறக்கிறேன். வெளிச்சம் கொதிக்கிறது. அவன் எனக்கு மேலே நிற்கிறான், அச்சை இரண்டு கையிலும் ஏந்தியிருக்கிறான், என் கண்ணைப் பார்க்கவில்லை, அச்சின் உள்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அவனுக்குப் பின்னால் மேடம். நான் வைத்த முகம் தப்பு, ஒல்லியாக இருக்கிறார், நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருக்கிறார், மூக்கு நுனியில் கண்ணாடி, கண் சிவந்திருக்கிறது. எட்டி அச்சுக்குள் பார்க்கிறார். "அடடா. எவ்வளவு சாந்தம். நீ என்னம்மா நினைச்சிண்டிருந்தே உள்ள?" பெஞ்சில் எழுந்து உட்காருகிறேன். புருவத்தில் மாவு, உதட்டில் வாஸ்லின், தொண்டை வழக்கம்போல் அடைக்கிறது. ஆளைப் பார்த்தால் அடைக்கும். அதனால் ஆளைப் பார்க்காமல் அலமாரியைப் பார்க்கிறேன். அங்கே என் பொம்மை கதவைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, கால் நீண்டிருக்கிறது. பரிதி அச்சிலிருந்து தலை தூக்கி என்னைப் பார்க்கிறான், இப்போதுதான் பார்க்கிறான், அந்தப் பார்வையில் சொல்லாதே என்பது இருக்கிறது, கெஞ்சல் இருக்கிறது, படித்துறையும் மணிக்கட்டும்கூட இருக்கின்றன. உதட்டை அசைக்கிறான், செமினார் அன்றைக்கு அசைத்த மாதிரியே. இந்த முறை என்ன சொல்லிக்கொடுக்கிறான் என்று நான் படிக்கவில்லை. "மேடம், கால் ஏன் அப்படி இருக்குன்னு கேட்டீங்க" என்கிறேன். குரல் என்னுடையது மாதிரி இல்லை, மாவு ஒட்டிய குரல். "தோட்டுல ஒரு திருகாணியைக் காணோம். எங்க அம்மா கையை எடுக்க முடியாம காலால தேடிக்கிட்டிருந்தாங்க." மேடம் என்னைப் பார்க்கிறார், எதுவும் விளங்காத மாதிரி. "எங்க அக்கா சாகலை மேடம்" என்கிறேன். "திருப்பூர்ல இருக்கா. திருகாணி ஒண்ணுதான் கிடைக்கலை." மேடத்தின் வலது கை தானாக எழுந்து காதுக்குப் போகிறது, தோட்டின் பின்பக்கத்தை இரண்டு விரலால் பிடித்து ஒரு சுற்றுத் திருகி இறுக்குகிறது, அவருக்கே தெரியாமல், பிறகு மற்றக் காதையும். அப்புறம் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு அலமாரிப் பக்கம் திரும்பி அந்தக் காலைப் பார்க்கக் குனிகிறார். பரிதி என் முகத்தை ஏந்திக்கொண்டு அதே இடத்தில் நிற்கிறான், இரண்டு கையும் ஒரே மட்டத்தில்.